கணக்கில் வராத நாற்பத்திரண்டு பேர்

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, டில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தபோது, ஒரு நர்ஸின் மீது நடந்த விசாரணைக்கு நான் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். 'சம்பவ தினத்தில் அந்த வார்டில் விதிமுறைப்படி நர்ஸுகள் பணியில் இருந்தனர்' என்பது அந்த வாக்கியம். விதியை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் கிடையாது. ஆனால் அது பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். அந்த ஒரு வரியால் ஒரு பெண்ணின் பத்து வருட வேலை வாழ்க்கை கெட்டது. இதுவரை ஒரு சிலரிடம் மட்டும் சொன்னதை இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் இருந்த பிரிவுக்கு வேலை, ஆஸ்பத்திரிகளுக்கு எத்தனை நர்ஸ் பதவிகள் என்று பார்த்துக் கோப்பில் குறிப்பு எழுதுவது. பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவன் என்பதால் என் குறிப்புகளுக்கு அலுவலகத்தில் நல்ல பெயர். ஒருமுறை ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கூடுதல் நர்ஸுகள் கேட்டுக் கோப்பு வந்தது. வெளிநாடுகளை எல்லாம் ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதினேன். ஜனங்கள் குறைவாக, தூரம் தூரமாக வாழும் நாடுகளில் நாலு நோயாளிகளைப் பார்க்க ஒரு நர்ஸ் ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது, அதனால் அங்கே மக்கள்தொகைக்கு அதிக நர்ஸுகள் தேவை. நம் நகரத்தில் நோயாளிகள் எல்லோரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள், ஆகவே ஒரே நர்ஸ் பலரைக் கவனித்துவிடலாம் என்பது என் வாதம். நெரிசலை நான் ஒரு வசதியாக்கிக் காட்டியிருந்தேன். மேலதிகாரி ஓரத்தில் 'நன்று' என்று எழுதினார். அதுவரை நான் எந்த அரசு ஆஸ்பத்திரி வார்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை.

அந்தக் கோப்போடு வார்டின் தினசரிக் கணக்குத் தாள் ஒன்றும் வந்திருந்தது. கட்டில் முப்பத்தாறு, எக்ஸ்ட்ரா நாற்பத்திரண்டு என்று அதில் இருந்தது. கட்டில் கிடைக்காமல் ஸ்ட்ரெச்சரிலும் தரையிலும், இன்னொருவர் கட்டிலின் பாதியிலும் படுத்திருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் 'எக்ஸ்ட்ரா' என்று பெயர். பதவிகளை அனுமதிக்கப்பட்ட கட்டில்களை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்தத் தாளின் ஓரத்தில் 'எக்ஸ்ட்ராவைக் கணக்கில் எடுக்க வேண்டாம்' என்று எழுதி என் சுருக்கொப்பம் இட்டேன்.

கோரிக்கை திரும்பிப் போன பிறகு அந்த வார்டின் பொறுப்பு சிஸ்டர் என்னைத் தேடி நேரில் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பிரிவில் ஒரு தமிழர் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சார், ஒரே ஒரு நாளு வார்டுக்கு வந்து பாருங்க. ஒரு கட்டில்ல ரெண்டு பேரு கெடக்காவ. கட்டிலுக்குக் கீழ ஒருத்தர் கெடக்காவ. ரெண்டே நர்ஸ் பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் என்னத்தச் செய்ய?"

பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் வேடிக்கை காட்டத் தோன்றியது.

"சிஸ்டர், கட்டிலுக்கு நம்பர் இருக்கு. தரைக்கு நம்பர் கிடையாதே, நான் என்ன பண்றது?"

"தரைக்கு வேண்டாம் சார். தரையில கெடக்கவங்களுக்குக் குடுங்க."

அவர் போன பிறகு நடந்ததை ஹிந்தியில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அவருடைய பதிலை மட்டும் விட்டுவிட்டேன்.

நாலு மாதம் கழித்து, டெங்கு பரவிய சமயத்தில், அந்த வார்டில் ஒரே கட்டிலில் ஒரே பெயருள்ள இருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியை சிஸ்டர் மற்றவருக்குப் போட்டுவிட்டார். அந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது. பத்து நாள் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்தார். குடும்பம் புகார் கொடுத்தது. விசாரணையில் சிஸ்டர் தவற்றை ஒப்புக்கொண்டார். ஆனால் எழுபத்தெட்டு நோயாளிகளுக்கு நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம் என்றும் சொன்னார். அது உண்மையா என்று எங்கள் பிரிவைக் கேட்டார்கள். ஆஸ்பத்திரி அன்றைய கணக்குத் தாளின் நகலை எங்களுக்கே அனுப்பியிருந்தது. மறுபடியும் கட்டில் முப்பத்தாறு, எக்ஸ்ட்ரா நாற்பத்திரண்டு. பதவி கேட்டு வந்த தாளில் இருந்த அதே எண்ணிக்கை. சம்பவ நாளில் மட்டும் திடீரென்று வந்த கூட்டம் அல்ல. அந்த வார்டு எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

உண்மையை எழுதினால், அப்படியானால் கூடுதல் நர்ஸ் கேட்டபோது ஏன் மறுத்தாய் என்ற கேள்வி என்னிடம் வரும். ஆகவே தொடக்கத்தில் சொன்ன வாக்கியத்தை எழுதினேன். இரண்டு தாள்களையும் கோப்பிலிருந்து கழற்றி, 'கட்டில்கள் சம்பந்தப்பட்டது, தங்கள் நடவடிக்கைக்கு' என்று ஒரு துண்டுக் குறிப்பு வைத்துக் கட்டடப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு காகிதத்தைக் கிழித்துப் போட்டால் குற்றம். பொருத்தமில்லாத கோப்புக்கு அனுப்பினால் அது நடைமுறை. முப்பது வருட வேலையில் கற்றுக்கொண்ட வித்தை அது.

சிஸ்டரின் பதவி உயர்வு நிறுத்தப்பட்டது. வார்டுப் பொறுப்பும் போய், துணி ஸ்டோரில் படுக்கை விரிப்பு எண்ணும் வேலைக்கு மாற்றப்பட்டார் என்று கேள்விப்பட்டேன். பிறகு நான் ஓய்வு பெற்றேன். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஜனக்புரியில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு வந்தோம்.

என் மகள் சுவீடனின் வடகோடியில் இருக்கிறாள். ஒரு கோடைக்கு அங்கே போயிருந்தோம். கண்ணுக்கெட்டிய வரை காடு, எங்கேயோ ஒரு வீடு. பக்கத்து வீடு என்று அவர்கள் சொல்வதற்கே காரில் போக வேண்டும். அந்த வீட்டுக் கிழவரைப் பார்க்க வாரம் இருமுறை ஒரு நர்ஸ் வருவார். நான் என் குறிப்பில் எழுதியபடியே ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தார். ஆனால் வந்தவர் அரை மணி நேரம் கிழவரின் கால் புண்ணைக் கழுவிக் கட்டினார், மாத்திரையை எடுத்துக் கொடுத்து விழுங்கும் வரை நின்றார். அந்த அரை மணியை என் குறிப்பில் நான் எங்கேயும் எழுதவில்லை. திரும்பும் வழியில் சிங்கப்பூரில் என் தங்கை மகன் வீட்டில் தங்கினோம். அங்கே ஒரு உறவினரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நம்மைப் போலவே நெருக்கியடித்து வாழும் ஊர்தான். ஆனால் நான் போன வார்டில் தரையில் யாரும் இல்லை. கூப்பிட்டால் நர்ஸ் வந்தார். எவ்வளவு நெருக்கமாக வாழ்ந்தாலும் ஒரு காயத்தைக் கட்ட ஆகிற நேரம் குறையாது என்பது எனக்கு அப்போது உறைத்தது. உறைத்ததே தவிர, ஊர் திரும்பி நான் ஒன்றும் செய்துவிடவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு எனக்கே டெங்கு வந்தது. தனியார் ஆஸ்பத்திரிகளில் இடமில்லை. மனைவி ஆட்டோ பிடித்து என்னை அதே ஆஸ்பத்திரிக்கு, கடைசியில் அதே வார்டுக்கு, கொண்டுவந்து சேர்த்தாள். கதவோரம் ஒரு ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். காலையில் ஓர் இளம் நர்ஸ் வந்தாள். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"அங்கிள், நீங்க எக்ஸ்ட்ரா பதினேழு. பெட் காலி ஆனா ஷிஃப்ட் பண்றேன். தோடா வெயிட் பண்ணுங்க, ஓகேவா?"

"நான் எக்ஸ்ட்ராவாம்மா?"

"டென்ஷன் ஆகாதீங்க அங்கிள். இங்க ஆதா வார்டு, பாதிப் பேரு, எக்ஸ்ட்ராதான்."

அவள் என் மணிக்கட்டில் ஒரு துணி நாடாவைக் கட்டினாள். அதில் மையால் என் பெயர், தகப்பனார் பெயர், பதினேழு என்ற எண். என் ஸ்ட்ரெச்சருக்குக் கீழே படுத்திருந்த ஒரு கூலித் தொழிலாளியின் கையிலும் அதே போல ஒரு நாடா. இதெல்லாம் எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"துணி ஸ்டோர்ல ஒரு சீனியர் சிஸ்டர் இருக்காங்க. அவங்க ஐடியா. பழைய பெட்ஷீட்டைக் கிழிச்சு நாடா பண்ணி, வாஷிங் துணியோட டெய்லி அனுப்பி வைப்பாங்க. அவங்க இங்க இன்சார்ஜா இருந்தப்போ ஒரே பேர்ல ரெண்டு பேஷண்ட்டாம். இஞ்செக்ஷன் மாறிப் போச்சு. அவங்களை அங்க தூக்கிப் போட்டுட்டாங்க. அப்பீல் போட்டாங்க, பேப்பர் இல்லைன்னு ரிஜெக்ட் ஆயிடுச்சு. இன்னும் ஒன்றரை வருஷத்துல ரிட்டயர்மெண்ட். பாவம், பேர்ல கறையோடதான் போவாங்க."

சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். எனக்குக் காய்ச்சலில் உடம்பு கொதித்தது. அந்த நாடாவைப் பார்க்காமல் இருக்க கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். என்னால் தண்டனை பெற்றவர் கட்டச் சொன்ன நாடா என் கையில் இருக்கிறது. அது யார் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வார்டில் இருந்த ஆறு நாளும், ஓடி ஓடி உழைத்த இரண்டு நர்ஸுகளைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். எனக்கு ஏற்றிய டிரிப்ஸ் தீர்ந்துபோய்க் குழாயில் ரத்தம் ஏறியபோது, கீழே படுத்திருந்த தொழிலாளிதான் எழுந்து போய் ஆளைக் கூட்டி வந்தார்.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறியதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவங்க இன்னும் அங்கதானே வேலை பார்க்கறாங்க?"

"ஆமாம்."

"அப்ப என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

உடனே போகவில்லை. முதலில் ஓய்வூதிய விதிகளை எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்து என் பென்ஷனில் கை வைக்க முடியாது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் புறப்பட்டேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

துணி ஸ்டோர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் பின்புறம் இருந்தது. சிஸ்டர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"தரைக்கு நம்பர் இல்லன்னு சொன்ன சார்தானே?"

நான் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கியம் எழுதியது, தாள்களைக் கழற்றியது, விதியைப் பார்த்துவிட்டு வந்தது வரைக்கும். மன்னிப்புக் கேட்டேன். அவர் கையிலிருந்த கட்டை எண்ணி முடித்து நூலால் கட்டினார்.

"ஊசி நான்தான் போட்டேன் சார். அத இல்லன்னு நான் என்னைக்கும் சொல்லல. அந்த மனுசன் பொழைக்கணுமேன்னு பத்து நாளு சோறு எறங்கல எனக்கு. ஆனா, போதுமான ஆளு இருந்தாவன்னு எழுதினியளே, அதான். ஆளு இருந்தும் கவனிக்கல, சோம்பேறின்னுல்லா ஆகிப்போச்சு. என் மகளே கேட்டா, ஏம்மா நீ சரியாப் பாக்கலியான்னு."

அவர் அடுத்த கட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? அந்தத் தாளு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, அதச் சொல்லுங்க. இங்க உள்ள ரிஜிஸ்டர எல்லாம் பழசுன்னு அழிச்சாச்சு."

தெரியும். உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதலில் எங்கள் பழைய பிரிவின் கோப்பையே கேட்டு விண்ணப்பித்தேன். அப்படிப்பட்ட தாள்கள் கோப்பில் இல்லை என்று பதில் வந்தது. இப்படித்தான் பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிலும் கையில் இருக்கட்டும் என்று கேட்டேன். அடுத்து கட்டடப் பிரிவின் கோப்பைக் கேட்டேன். எந்த வருடம், எந்தத் தலைப்பு, எந்தத் துண்டுக் குறிப்பு என்று எழுதியிருந்தேன். இரண்டு மாதம் பதில் இல்லை. மேல்முறையீடு செய்தேன். கடைசியில் ஒரு தடித்த உறை வந்தது. மூன்று நகல்கள். இரண்டு தாள்கள், என் கையெழுத்தில் துண்டுக் குறிப்பு. ஒரு தாளின் ஓரத்தில் 'எக்ஸ்ட்ராவைக் கணக்கில் எடுக்க வேண்டாம்' என்று என் சுருக்கொப்பத்தோடு. என் கையெழுத்து அழகாக இருந்தது. பார்க்க வெட்கமாக இருந்தது.

நகல்களோடு, நடந்ததை வரிசையாகச் சொல்லி நான் எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலத்தையும் சேர்த்து சிஸ்டர் மறுபரிசீலனைக்கு மனு கொடுத்தார். ஐந்து மாதம் கழித்து இருவரையும் அழைத்தார்கள். விசாரித்த அதிகாரி என் மகளைவிடச் சின்னவர். என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்படி எழுதச் சொல்லி மேலிருந்து யாராவது சொன்னார்களா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

ஒரு கணம், ஆமாம் என்று சொல்லிவிட ஆசை வந்தது. அந்த மேலதிகாரி இப்போது உயிரோடு இல்லை.

"இல்லை. நானாகத்தான் எழுதினேன்" என்றேன்.

வெளியே வந்ததும் சிஸ்டர் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். "குடிங்க சார்."

ஊசி மாறியதற்கு எச்சரிக்கை மட்டும் போதும், மற்ற தண்டனை ரத்து என்று உத்தரவு வந்தது. அந்த எச்சரிக்கையை அவர் மறுக்கவில்லை. ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தபோது, நிறுத்தி வைத்த பதவி உயர்வோடு அதே வார்டுக்குப் பொறுப்பாகத் திரும்பினார். அன்று மாலை எனக்குப் போன் வந்தது. நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"சார், நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வார்டுக்கு வாரியளா? ஆளு கேட்டு மறுபடியும் எழுதணும். எப்படி எழுதுனா திருப்பி அனுப்ப மாட்டாவன்னு உங்களுக்குத்தான தெரியும்?"

போனேன். அனுமதி வாங்கி வைத்திருந்தார். கையில் ஒரு ரிஜிஸ்டரைக் கொடுத்து, "கட்டிலப் பாக்காதிய, ஆள மட்டும் எண்ணுங்க" என்றார். கட்டில்களுக்கு நடுவே நடந்தேன். குனிந்து குனிந்து கட்டில்களுக்குக் கீழே பார்த்தேன். ஒரு பாட்டியைக் கூட வந்தவர் என்று நினைத்து விட்டுவிட்டேன். அவர் கையை நீட்டி நாடாவைக் காட்டி, "முஜே பீ லிக்கோ, பேட்டா" என்றார். என்னையும் எழுது மகனே என்று. எழுதினேன். இப்படி ஒரு மாதத்தில் பத்து நாள் போய் எண்ணினேன். அதை வைத்து ஆறு பக்கத்தில் ஒரு கோரிக்கை தயாரித்தோம். எந்த இடத்தில் என்ன மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த மறுப்புகளில் பாதி நானே கண்டுபிடித்தவை. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே பதில் எழுதினேன். சுவீடனும் சிங்கப்பூரும்கூட அதில் இருந்தன, இந்த முறை நேர்மையாக.

எட்டு நர்ஸுகள் கேட்டிருந்தோம். சிஸ்டர் ஓய்வு பெறுவதற்கு மூன்று வாரம் முன்பு உத்தரவு வந்தது. அவரே போனில் படித்துக் காட்டினார்.

"மூணுதான் குடுத்திருக்காவ."

"எட்டு கேட்டோமே சிஸ்டர்" என்றேன் வருத்தத்தோடு.

"போன தடவ கேட்டப்ப ஒண்ணுகூடக் கிடைக்கல. அப்ப அங்க உக்காந்திருந்தது நீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "மிச்சம் அஞ்சுக்கு அடுத்த வருசம் எழுதுங்க. புது இன்சார்ஜ்கிட்ட உங்களப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன்."

என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது அவர் ஊரோடு இருக்கிறார். போன வருடம் மறுபடி எண்ணி எழுதியதில் இன்னும் இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள்; இந்த வருடக் கோரிக்கை என் மேஜையில் பாதி முடிந்து கிடக்கிறது. எழுதிய பொய்யைத் திருத்தி எழுத எல்லோருக்கும் வயதும் காலமும் மிச்சம் இருப்பதில்லை. எனக்கு இருந்தது, அது என் தகுதிக்கு மேலே கிடைத்தது என்பதை ஒவ்வொரு முறை அந்த வார்டுக்குள் நுழையும்போதும் உணர்கிறேன்.